லுஹருக்கு ஓடும், சுபுஹுக்கு ஓடாது

சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகவே சுற்றுகிறது. கூடவே எஞ்சினும் சுற்றுகிறது. அந்த முனகல் தெருக்கோடி வரை கேட்கிறது. ஆனால் முனகல் உறுமலாக மாறவேண்டிய கணம் மட்டும் வருவதில்லை. நாலாவது தடவை திருப்பும்போது எதிர்வீட்டுச் சன்னல் திறக்கிறது. ஐந்தாவது தடவைக்குள், “தள்ளிப் பாப்போமா?” என்று கேட்டபடி இரண்டு பேர் வந்துவிடுகிறார்கள். பழைய கார் வைத்திருப்பவனுக்கு ஊரில் ஆள்பலம் அதிகம். வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு யோசனையும் இருக்கும்.

காயல்பட்டினத்தில் என் நண்பன் வீட்டு வாசலில் ஓர் ஐப்பசியில் நடந்தது இது. அவனுக்கு வேலை ஹாங்காங்கில். வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருவான். மீதிப் பதினோரு மாதமும் அவனுடைய வாப்பா விட்டுச்சென்ற ஸ்டாண்டர்டு ஹெரால்டு, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் போர்வை போர்த்திக்கொண்டு கிடக்கும். இரண்டே கதவு, முன்னால் நீண்டு தாழ்ந்த மூக்கு. தெருப் பிள்ளைகளுக்கு அது ‘ஸ்போர்ட்ஸ் கார்’.

பிள்ளைகள் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. டிரையம்ப் ஹெரால்டு இங்கிலாந்தின் கவென்ட்ரியில் 1959-இல் வெளிவந்த கார். அதற்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கேலொட்டி. அதன் அடிச்சட்டத்தைக் குறுக்கி, இரட்டைக் கார்புரேட்டர் மாட்டி, 1962-இல் அதே நிறுவனம் ஒரு திறந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அதுதான் ஸ்பிட்ஃபயர். அதை வரைந்தவரும் மிக்கேலொட்டியே. ஆக, இரண்டும் அக்காள் தங்கை. அக்காள் 1961-இல் நம்மூருக்கு வந்து, சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் பிறக்கத் தொடங்கினாள். சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் ஹெரால்டுகளும் சீறின. தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்ததும் அதே 1961-இல்தான். ஒன்று முடிந்த வருடம் இன்னொன்று தொடங்கியது என்று உருக்கமாக எழுதக் கை துடிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

அக்காளுக்கும் தங்கைக்கும் பொதுவான ஒரு நல்ல குணம் உண்டு. பானெட்டைத் தூக்கினால் விளக்கு, மட்கார்டு உட்பட முகப்பு முழுவதும் முன்பக்கமாகச் சாய்ந்துவிடும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சினில் கை வைக்கலாம். பழுது பார்ப்பவன் முதுகை நினைத்து வரைந்த கார் அது. நாங்கள் அந்தச் சக்கரத்தின் மேல் நிறையவே உட்கார்ந்தோம்.

செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. இந்த வாக்கியத்தின் முதல் பாதி நிறைய விஷயம் சொல்லும். பேட்டரியில் உயிர் இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சரி. எஞ்சின் இறுகிவிடவில்லை. மிஞ்சுவது மூன்று கேள்விகள்: பெட்ரோலும் காற்றும் சரியான கலவையாக உள்ளே போகிறதா, பிஸ்டன் அதை இறுக்குகிறதா, இறுகிய நேரத்தில் பொறி விழுகிறதா? இறுக்கத்தைப் பார்க்கக் கருவிகூட வேண்டாம். ஒரு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு செல்ஃப் அடிக்கச் சொன்னால் போதும். விரலை உதறித் தள்ளிக்கொண்டு காற்று வெளியேறினால் கம்ப்ரெஷன் இருக்கிறது. எங்கள் விரல்கள் நாலு சிலிண்டரிலும் உதறப்பட்டன.

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். செல்ஃப் மோட்டார் எஞ்சினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. பத்து விநாடி செல்ஃப் அடித்தால் ஏறத்தாழ 66 பொறி, அதாவது பற்றிக்கொள்ள 66 சந்தர்ப்பம். ஒரு பிளக் செத்திருந்தால் மற்ற மூன்றும் எஞ்சினைத் தட்டுத்தடுமாறியாவது ஓட்டிவிடும். 66-இல் ஒன்றுகூடப் பற்றவில்லை என்றால், கோளாறு நாலுக்கும் பொதுவான ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது என்று பொருள். பெட்ரோல் வரும் வழி, கார்புரேட்டர், காயில், பாயிண்ட், கண்டன்சர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப், அதற்குள் சுற்றும் ரோட்டர். சந்தேகப் பட்டியல் இவ்வளவுதான். எதையும் மாற்றாமல், ஒரு ரூபாய் செலவில்லாமல், உட்கார்ந்து யோசித்தே இவ்வளவு தூரம் வரலாம். ஆனால் கார் நின்றுபோன வீட்டில் யாரும் உட்கார்ந்து யோசிப்பதில்லை. போனை எடுத்து மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள்.

டவுனிலிருந்து ஒருவர் காலை எட்டு மணிக்கு வந்தார். கெட்டிக்காரர். வந்ததும் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் மேல் கிடத்தி, செல்ஃப் அடிக்கச் சொன்னார். பிளக் முனையில் பொறி பளிச்பளிச்சென்று விழுந்தது. “கரண்ட் வருது, கரண்டுல ஒண்ணுமில்ல” என்று தீர்ப்பு. அப்படியானால் குற்றவாளி பெட்ரோல்தான். அவர் சந்தேகத்திலும் நியாயம் இருந்தது. பதினோரு மாதம் கிடந்த பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், கனமானது மிஞ்சும். காற்றுப்பட்ட பெட்ரோல் மெல்ல மெல்லப் பிசினாகிக் கார்புரேட்டரின் ஜெட் துளைகளில் ஒட்டிக்கொள்ளும். போதாததற்கு, இப்போது பங்கில் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி நாடு முழுதும் பரவிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; அறுபதுகளின் ரப்பரை ஊதவைக்கும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; இந்தக் கலவைக்கு 13.5 கிலோ போதும். பழைய ஜெட் அளவில் அதே காற்றுக்கு அதே எரிபொருள் போனால், எஞ்சினுக்கு அது கஞ்சத்தனமான கலவை. ஏற்கெனவே தள்ளாடும் எஞ்சினைப் படுக்கவைக்க அது போதும்.

ஆகவே டேங்க்கைக் காலி செய்து புதுப் பெட்ரோல் ஊற்றினார். பம்ப்பின் டயாபிரத்தை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து, ஜெட்டுகளை ஊதி, மாட்டினார். மணி ஒன்றரை. பள்ளிவாசலில் லுஹர் தொழுகை முடிந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். சாவியைத் திருப்பினார். அரைச் சுற்றில் பற்றிக்கொண்டது. தெருவே சிரித்தது. கூலி வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் விடியலில் சுபுஹு முடிந்து கடற்கரைக்குப் போகலாம் என்று சாவியைத் திருப்பினால், பழையபடி முனகல்.

அந்தக் காலத்துக் காயலைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் சொன்ன ‘காயில்’ இன்றைய காயல்பட்டினமா, பக்கத்திலுள்ள பழையகாயலா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை, அது கிடக்கட்டும். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து இந்தத் துறைமுகத்துக்குக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பாண்டியர் பெரும் பொன் கொடுத்து வாங்கினார்கள். ஆனால் வாங்கிய குதிரைகளில் பெரும்பகுதி சீக்கிரமே செத்துப்போயின என்கிறார் அவர். பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. தெரிந்தவர்களை வர்த்தகர்களும் வரவிடவில்லை. குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம் நடக்கும்! எழுநூறு வருடம் கழித்தும் இக்கரையில் குதிரைசக்தி சம்பந்தப்பட்ட சிக்கல் அதேதான் என்று நண்பனிடம் சொன்னேன். அவன் சிரிக்கிற மனநிலையில் இல்லை.

அவன் கணக்குப் பிள்ளை வம்சம். ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். நாலு நாள் எழுதினான். சுபுஹுக்குப் பிறகு: இல்லை. காலை ஒன்பது: இல்லை. லுஹர்: ஸ்டார்ட். பின்மதியம், அசர்: ஸ்டார்ட். இரவு இஷாவுக்குப் பிறகு, எஞ்சின் நன்றாக ஆறியதும்: இல்லை. நாலு நாளும் இதே. அந்த நாட்களில் கார்புரேட்டரை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் மதியம் ஸ்டார்ட் ஆனது. டவுன் மெக்கானிக் காலை எட்டுக்கு வந்து மதியம் ஒன்றரைக்கு முடித்தார். அந்த ஐந்தரை மணி நேரத்தில் அவரும் வேலை செய்தார், வெயிலும் வேலை செய்தது. கூலி அவருக்குப் போனது. அவரைக் குறை சொல்லவில்லை; அவர் இடத்தில் நானாக இருந்தாலும் அப்படியே நம்பியிருப்பேன். ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தால் ஒன்றால் ஒன்று நடந்ததாக நினைப்பது மனிதப் புத்தி.

காலைக் குளிர்தான் காரணம் என்று சொல்லத் தோன்றும். குளிரில் பெட்ரோல் ஆவியாகத் தயங்கும், சோக் இழுக்கவேண்டும் என்பதெல்லாம் உண்மைதான், கொடைக்கானலில். காயல்பட்டினத்தின் ஐப்பசி அதிகாலை 24 டிகிரி. அது பெட்ரோலுக்குக் குளிரே இல்லை.

பேட்டரியையும் ஒரு கணம் சந்தேகப்பட்டோம். இது பலர் கோட்டைவிடும் இடம் என்பதால் சொல்லிவிடுகிறேன். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் உறிஞ்சும்போது பேட்டரியின் 12 வோல்ட் சரிந்துவிடும். 9 வரை சரிந்தால் காயிலில் ஓடும் மின்னோட்டம் முக்கால் பங்காகும். காயிலில் சேரும் ஆற்றலோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முக்காலின் வர்க்கம் அரைக்குச் சற்று மேல். ஆக, எஞ்சின் ஜோராகச் சுற்றும், பொறியின் பலமோ பாதியாகியிருக்கும். பிற்காலக் கார்களில் இதற்காகவே ஒரு தந்திரம் வைத்தார்கள்: குறைந்த வோல்ட்டில் இயங்கும் காயில், அதற்கு முன்னால் ஒரு மின்தடை, செல்ஃப் அடிக்கும்போது மட்டும் அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு மின்சாரம் நேராகப் போகும். எங்கள் காரில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். செல்ஃப் அடிக்கையில் பத்தரை வோல்ட். பேட்டரி விடுதலை.

நாலாம் நாள் மாலை நண்பனின் உம்மாதான் வழி சொன்னார்கள். சிங்கித்துறையில் வள்ளத்து எஞ்சின் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், வாப்பா காலத்தில் இந்தக் காருக்கும் வந்து போனவர், அவரைக் கூப்பிடுங்கள் என்றார்கள். “கடல்ல நின்னுபோற எஞ்சினையே பாக்குறவரு, கொட்டகையில நிக்கிறத பாக்க மாட்டாரா?” நியாயமான கேள்வி.

அண்ணாச்சி எழுபதைத் தாண்டியவர். நோட்டை வாங்கிப் பார்த்தார். காரைத் தொடவில்லை. “காலைல எத்தன மணி வரைக்கும் இருட்டா இருக்கும்?” என்று மட்டும் கேட்டார். “நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரேன் தம்பி. லைட்டு எதுவும் போடாதீங்க.”

அவர் வருவதற்குள் பொறியின் பிறப்பைச் சொல்லிவிடலாம். காயில் என்பது ஓர் இரும்பைச் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். தடித்த கம்பியில் சில நூறு சுற்று; மெல்லிய கம்பியில் அதைப்போல் ஏறத்தாழ நூறு மடங்கு. பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த சுருளில் மூன்று நாலு ஆம்பியர் ஓடி, காந்தப்புலம் வளர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் நடுத்தண்டு சுழன்று பாயிண்ட்டைத் திறந்த கணத்தில் ஓட்டம் அறுபட்டு, காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு எவ்வளவு வேகமோ அவ்வளவு வோல்ட். பாயிண்ட் திறக்கும் இடைவெளி 0.38 மில்லிமீட்டர்தான், சும்மா விட்டால் அந்த இடுக்கிலேயே நெருப்பாகப் பாய்ந்து ஓட்டம் தொடரப் பார்க்கும். அதைத் தடுத்து அறுப்பைக் கூர்மையாக்குவது விரல் தடிமனுள்ள கண்டன்சர். இப்படி 12 வோல்ட் 20,000 வோல்ட்டுக்கு மேல் தாவுகிறது. ஆற்றல் என்று பார்த்தால் அற்பம்: ஒரு கிராம் எடையை மூன்று மீட்டர் உயரம் தூக்குமளவு. ஒரு காரையே நகர்த்தும் வேலை அதில்தான் தொடங்குகிறது.

இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங். மின்சார செல்ஃப் மோட்டாரும் அவர் தந்ததே. 1912-இன் காடிலாக் கார்களில் வந்தது. அவருடைய நிறுவனப் பெயரின் எழுத்துச் சுருக்கம் டெல்கோ. அண்ணாச்சி இன்றும் டிஸ்ட்ரிபியூட்டரை ‘டெல்கோ’ என்றுதான் சொல்கிறார். நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கம்பெனி சிங்கித்துறையில் வாழ்ந்துகொண்டிருக்கிறது.

டவுன் மெக்கானிக் கண்ட பொறிக்கு வருவோம். அவர் கண்டது உண்மைதான். பொறி வந்தது, நானும் பார்த்தேன். ஆனால் அது வெளியில் விழுந்த பொறி. பிளக் முனையின் இடைவெளி சுமார் 0.6 மில்லிமீட்டர். திறந்த காற்றில் அதைத் தாண்ட 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள்ளோ பிஸ்டன் கலவையை எட்டில் ஒரு பங்காக இறுக்கி வைத்திருக்கிறது. நெருக்கமான வாயுவில் மின்சாரம் பாய அதிக வோல்ட் வேண்டும். இந்த உறவை அளந்து விதியாக்கியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன், 1889-இல். உள்ளே அதே பொறிக்கு 10,000 வோல்ட் வரை தேவைப்படலாம்.

வீட்டு மேல்தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கீழிருந்து தண்ணீர் ஏறுகிறது. தொட்டியில் ஒரு விரிசல், தண்ணீர் கசிகிறது. மட்டம் உயர உயரக் கசிவும் கூடும். நிரம்பி வழியும் குழாய் தாழ்வாக இருந்தால், கசிவையும் மீறித் தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறி வழிந்துவிடும். தொட்டி நன்றாக இருக்கிறது என்று நினைப்போம். அதே குழாயை மூன்று மடங்கு உயரத்தில் வைத்தால்? ஏறுகிற தண்ணீரும் கசிகிற தண்ணீரும் பாதிவழியில் சமமாகி, மட்டம் அங்கேயே நின்றுவிடும். வெளியே கிடத்திய பிளக் தாழ்ந்த குழாய், சிலிண்டருக்குள் இருக்கும் பிளக் உயர்ந்த குழாய். வெளியே பொறி வருவதை வைத்து உள்ளேயும் வரும் என்று முடிவு கட்டக்கூடாது. கழற்றிய பிளக்கில் பொறி பார்ப்பது நம்மூரில் ஸ்கூட்டர்காரர்கள்கூடச் செய்யும் சோதனை. அதில் ‘பொறி இல்லை’ என்று வந்தால் நம்பலாம். ‘பொறி இருக்கிறது’ என்று வந்தால் பாதிதான் நம்பவேண்டும். எங்கோ ஒரு கசிவு இருக்கலாம்.

(அந்தச் சோதனையைச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெட்ரோல் குழாயைக் கழற்றி வைத்த நேரத்தில் அதைச் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றில் ஒன்றரை சதவீதம் இருந்தாலே பற்றும்.)

ஐந்து மணிக்கு அண்ணாச்சி வந்தார். கொட்டகைக்குள் கும்மிருட்டு. பானெட்டை முன்னால் சாய்த்துவிட்டு, “இப்ப அடிங்க” என்றார். நண்பன் சாவியைத் திருப்பினான்.

கார் ஸ்டார்ட் ஆகவில்லை. ஆனால் டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் மேல் நீலப் புழுக்கள் நெளிந்தன. நடுவிலுள்ள காயில் வயரின் அடியிலிருந்து கிளம்பி, கறுப்புக் கேப்பின் தோள்வழியே இறங்கி, அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பில் போய் மறைந்தன. செல்ஃபின் ஒவ்வொரு முனகலுக்கும் ஒரு நெளிவு. லைட் போட்டால் ஒன்றும் தெரியாது. பிளக்குக்குப் போகவேண்டிய வோல்ட் வழியிலேயே இறங்கிக்கொண்டிருந்தது. “பாத்தீங்களா, கரண்டு நடந்து போவுது” என்றார் அண்ணாச்சி.

கேப்பைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தோம். விரிசல் இல்லை. கரிக்கோடும் இல்லை. கேப்பில் ஒருமுறை பொறி ஓடினால் பொசுங்கிய பாதை பென்சில் கோடுபோல் கறுப்பாக நிலைத்துவிடும். கரி மின்சாரம் கடத்தும், அடுத்த பொறி அதே பாதையைப் பிடிக்கும். அந்த நிலை வந்தால் புதுக் கேப் வாங்குவதைத் தவிர வேறு வழி இல்லை. இதில் அது வரவில்லை. தொட்டால் மட்டும் லேசாக ஈரம். அண்ணாச்சி விரலை நாக்கில் வைத்தார். “உப்பு.”

கடற்கரையில் அலை உடையும்போது கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத துளிகளைக் காற்றில் எறிகிறது. நீர் காய்ந்துபோக, உப்புத் துகள் காற்றோடு வீட்டுக்கு வருகிறது. சுவர் பொரிவதும் சன்னல் கம்பி கரைவதும் அதனால்தான். கோடை முழுவதும் தகரக் கொட்டகைக்குள் போர்வைக்கு அடியிலும் அது படிந்துகொண்டே இருந்திருக்கிறது. உலர்ந்த உப்பு மின்சாரம் கடத்தாது. கோடையில் மேல்காற்று வறட்டுச் சூட்டோடு வீசும் இந்தப் பகுதியில் அது பாட்டுக்குத் தூசியாகக் கிடக்கும். ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து ஈரக்காற்று திரும்பும்போதுதான் விழித்துக்கொள்கிறது.

சோடியம் குளோரைடுக்கு ஒரு எல்லை உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்து, தானே அதில் கரைந்துவிடும். 75-க்குக் கீழே திடப்பொருள், மேலே உப்புக்கரைசல். உப்புக்கரைசல் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். நண்பனின் நோட்டை இப்போது படித்துப் பாருங்கள். விடியலில் 24 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மதியம் 32 டிகிரி. காற்றில் இருக்கும் நீராவி அதே அளவுதான். ஆனால் சூடான காற்று இன்னும் அதிக நீராவியைத் தாங்கக்கூடியது என்பதால், ஈரப்பதம் என்று நாம் சொல்லும் விகிதம் சுமார் 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். லுஹருக்கும் சுபுஹுக்கும் இடையில் எங்கோ அந்த 75 கிடக்கிறது. மதியம் ஸ்டார்ட் ஆனபின் எஞ்சின் சூட்டில் கேப் காய்ந்தே இருக்கும். அதனால்தான் அசருக்கும் ஓடியது. இஷாவுக்குப் பிறகு ஆறியதும் மறுபடி ஈரம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளங்களில் கடல்நீரைக் காயவைக்கும்போது நல்ல உப்பு முன்னதாகவே படிகமாகிவிடும். மக்னீசியம் குளோரைடு கடைசிவரை தண்ணீரிலேயே தங்கிவிடும். அந்தக் கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு உப்பை வாருவார்கள். சரியாக வடிக்காத உப்பு மழைக்காலத்தில் கசியும் என்பது அளத்துக்காரர்களுக்குப் பாடம். ஏனென்றால் மக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிடும். கடல்காற்றில் வரும் உப்பை யாரும் வடிகட்டி அனுப்புவதில்லை. கடல்நீரின் உப்புகளில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மக்னீசியம் குளோரைடு. அவ்வளவும் கேப்பின் மேல் வந்து உட்கார்கிறது. உம்மாவின் சமையலறை உப்பைவிட அந்தக் கேப்பின் உப்புக்குத் தாகம் அதிகம்.

கேப்பைத் துடைக்கத் துணி தேடினேன். டவுன் மெக்கானிக்கும் துடைத்திருந்தார், பெட்ரோலில் நனைத்த துணியால். எல்லா மெக்கானிக்கும் எதையும் பெட்ரோலில்தான் துடைப்பார்கள். கிரீஸ், எண்ணெய், கரி எல்லாம் போய்ப் பளபளக்கும். உப்பு மட்டும் போகாது. உப்பு என்பது எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட அயனிகள் கட்டிப்பிடித்து நிற்கும் அடுக்கு. அந்தப் பிடியை விலக்க, ஒரு முனை நேர், மறுமுனை எதிர் என்று தானும் மின்னூட்டம் பிரிந்துள்ள மூலக்கூறு வேண்டும். தண்ணீர் அப்படிப்பட்டது, பெட்ரோல் அல்ல. பெட்ரோல் துணி கேப்பின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிட்டு, உப்பைச் சமமாகப் பரப்பிவிட்டிருக்கிறது. எண்ணெய்ப்பசையாவது கொஞ்சம் ஈரத்தைத் தள்ளியிருக்கும்.

அண்ணாச்சி துணி கேட்கவில்லை. “உம்மா, ஒரு சொம்பு நல்ல தண்ணி தாங்க” என்றார்.

நண்பன் பதறினான். ஈரத்தால் நின்ற காரின் மின்சாரப் பாகத்தைத் தண்ணீரில் கழுவுவதா? அண்ணாச்சி அவனைக் கண்டுகொள்ளவில்லை. வள்ளத்து எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவுவது அவர் கை அறிந்த வேலை. கேப்பையும் ரோட்டரையும் காயில் மூடியையும் வயர்களையும் சொம்புத் தண்ணீரில் இரண்டு தடவை அலசினார். ஊரில் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு என்பதால் குடிக்கிற தண்ணீரே வேண்டும் என்று அடம்பிடித்தார். பாயிண்ட்டில் மட்டும் தண்ணீர் படவிடவில்லை. வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, உம்மாவின் அடுப்பங்கரையில் சூடு ஆறாத தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் அரைமணி நேரம் காயவைத்தார். அதற்குள் தேநீர் வந்தது, நண்பனின் வாப்பா இந்தக் காரில் மணப்பாடு போன கதை வந்தது. மாட்டும் முன் வெளிப்பக்கத்தில் மட்டும் சிலிகோன் கிரீஸை விரலால் மெல்லப் பூசினார். தண்ணீர் படலமாகப் பரவாமல் முத்துமுத்தாக உருண்டு நிற்க அது உதவும். தனித்தனித் துளிகள் பாதை ஆகாது.

ஆறு மணி பத்து நிமிடம். சன்னல் கம்பிகளில் இன்னும் ஈரம் சொட்டியது. நண்பன் சாவியைத் திருப்பினான். இரண்டு சுற்று, மூன்றாவதில் ஹெரால்டு கனைத்தது.

கடற்கரைக்குப் போனோம். அண்ணாச்சியை சிங்கித்துறையில் இறக்கிவிட்டோம். கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு, தண்ணீருக்கு என்ன கூலி என்று சொல்லிவிட்டு, கார்புரேட்டரை எதற்குப் பிரித்தார்கள் என்று விசாரித்தார். சொன்னோம். “அதுவும் ஒருநா செய்யவேண்டியதுதான்” என்றார். தொழில்காரர் இன்னொரு தொழில்காரரை விட்டுக்கொடுக்கவில்லை.

ஹாங்காங்குக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் நண்பன் பேட்டரியைக் கழற்றினான், டேங்க்கை வடித்தான். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் ரோட்டரையும் கழற்றி, அலசிக் காயவைத்து, மூடி இறுகும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு உம்மாவிடம் கொடுத்தான். அது இப்போது அடுப்பங்கரை அலமாரியில் சீரகத்துக்கும் ஏலக்காய்க்கும் நடுவில் இருக்கிறது. உப்பு ஜாடியை உம்மா எதிர்மூலைக்கு மாற்றிவிட்டார்கள். மூடிய டப்பாவுக்குள் உப்பு எப்படிப் போகும் என்று நான் கேட்டதற்கு, கொட்டகைக்குள் எப்படிப் போச்சாம் என்று திருப்பிக் கேட்டார்கள்.